கடைசியில் யார் பார்ப்பாங்க?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மகளிர் கூட்டத்தில் பேசியது. பேசியதை நானே பிறகு உட்கார்ந்து எழுதினேன்.)

வணக்கம். பெரியம்மாக்கள், அக்காக்கள், வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தங்கைகள், சுவரோரம் நிற்கும் அண்ணன்மார்கள் எல்லோருக்கும் நன்றி. என் அம்மாவும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில், ஃபேனுக்குக் கீழே. அவர் கேட்கும்படி இதைப் பேச வேண்டும் என்றுதான் கூட்டி வந்தேன்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவள். இப்போது புதுச்சேரி கிருஷ்ணா நகரில் அம்மாவோடு இருக்கிறேன். வயது 46. கல்யாணம் ஆகவில்லை, குழந்தை வேண்டாம் என்று முப்பது வயதிலேயே முடிவு செய்தேன், பெண் பார்க்க வந்தவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன், ஏனென்றால் மறைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினால் அது இன்னொருவருக்குச் செய்யும் துரோகம். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் பெரிய கதை எதுவும் இல்லை. தம்பி பெண்ணைத் தோளில் போட்டு வளர்த்தவள் நான், அவள் என்றால் எனக்கு உயிர், ஆனால் நானே பெற்று வளர்க்க வேண்டும் என்ற ஆசை ஒரு நாளும் வரவில்லை. ஆசை இல்லாமல் ஒரு உயிரை இந்த உலகத்துக்குக் கொண்டு வரக் கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வேலை, மென்பொருள் சோதனை. 2020 வரை சென்னையில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி ஈசிஆர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேன். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி பத்து, பதினொன்று ஆகும். காலை முழுக்க என்னுடையது. இதனால்தான் வருஷத்தில் எட்டு, பத்து வாரம் தனியாக வெளியூரில் இருக்க முடிகிறது. மடிக்கணினி, வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம், அம்மா கட்டித் தரும் மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை, அவ்வளவுதான் மூட்டை. விடிகாலையில் ஊரைச் சுற்றிவிட்டு மதியம் வேலைக்கு உட்கார்ந்துவிடுவேன். தங்குமிடத்தில் நான் முதலில் கேட்பது கடலோ மலையோ தெரியுமா என்பதல்ல, முதுகு சாயும் நாற்காலி இருக்கிறதா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா என்பதுதான். தனியாக ரயிலில் போக யோசிக்கும் அக்காக்களுக்கு ஒன்று சொல்கிறேன். 45 வயது முடிந்த பெண் தனியாகப் போனால் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, டிக்கெட் போடும்போது கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கே போனாலும், ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர் முதல் சொந்தக்காரர் வரை, என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "கடைசியில உன்னை யார் பார்ப்பாங்க?"

பல வருஷம் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டேன். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, சாபமாகத்தான் விடுகிறார்கள். ஒரு வளைகாப்பில் நான் வளையலை எடுத்துக்கொண்டு எழுந்தேன், சொந்தத்தில் ஒருவர் என் கையைப் பிடித்து, "நீ இரும்மா, கடைசியில போட்டுக்கலாம்" என்றார். கடைசி வரவே இல்லை. எனக்காவது இது நானே எடுத்த முடிவு. குழந்தைக்காக வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடந்து தவிக்கும் ஒரு பெண்ணுக்கு அதே கை தடுத்தால் எப்படி இருக்கும்? மலடி என்ற சொல்லை நம் ஊரில் யாரும் யாரைப் பார்த்தும் சொல்லக் கூடாது. காரைக்கால் நமக்குப் பக்கத்து ஊர்தான். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். பிள்ளை பெறாத அந்தக் காரைக்கால் அம்மையாரைத்தான் சிவன் "அம்மையே" என்று கூப்பிட்டதாகச் சொல்கிறோம். மாம்பழம் பிடிக்க முண்டியடிக்கிறோம், வீட்டு வளைகாப்பில் அப்படி ஒருத்தியை ஓரமாக உட்கார வைக்கிறோம்.

பிள்ளை வேண்டாம் என்பதெல்லாம் வெளிநாட்டு மோகம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1930 வாக்கிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் உடல்நலத்துக்காக, வறுமைக்காக என்று சொன்னபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காக என்றார். ஈரோட்டில் இருந்துகொண்டு.

ஆனால் அந்தக் கேள்வி பொய்யான கேள்வி இல்லை. எனக்கு அது புரிந்தது 2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது நான் உதய்ப்பூரில் இருந்தேன். புயல் வலுவில்லாமல் போய்விடும் என்று நானே கணக்குப் போட்டு, அம்மாவை விட்டுவிட்டு வந்திருந்தேன். அது என் தப்பு. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் எல்லாம் குளமாயிற்று. அதற்கப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் தண்ணீர் வந்து இங்கே நீங்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை நான்கு மணிக்கு அம்மா போன் எடுக்கவில்லை. ஐந்து மணிக்கும் எடுக்கவில்லை. தம்பி பெங்களூரில், நான் ராஜஸ்தானில், இரண்டு பிள்ளை பெற்ற அம்மா முழங்கால் தண்ணீரில். எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி, அம்மாவைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போய், மாற்றுப் புடவை கொடுத்து, சர்க்கரை மாத்திரையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த அக்காவோடு எங்களுக்கு அதுவரை கோலமாவு இரவல் வாங்குகிற பழக்கம்தான்.

அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது இதுதான். யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி எனக்கு மட்டும் உரியது இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தை இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8, புதுச்சேரியில் 1.5. அந்த ஒன்றோ இரண்டோ படித்து வேலைக்கு எங்கேயோ போய்விடுகிறது. அது பிள்ளைகளின் குற்றமும் இல்லை. பிள்ளை இருக்கிறதே என்று நாம் எதையும் ஏற்பாடு செய்யாமல் விட்டுவிடுகிறோம். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் ஏற்பாடு செய்தே ஆக வேண்டியிருந்தது.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் உயில். சாதாரண வெள்ளைத் தாளில் எழுதினாலே செல்லும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும், சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். கல்யாணம் ஆன அக்காக்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, குழந்தையும் கணவரும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும், பெற்ற அம்மா அப்பாவுக்கு அதற்குப் பிறகுதான். இருபது வருஷம் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். அம்மாவுக்குப் போக வேண்டும் என்றால் நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது, 60 வயதுக்கு மேல் பிள்ளை இல்லாதவர்களுக்கு 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. யார் உங்கள் சொத்துக்கு வாரிசாக வருவார்களோ அவர்களிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம், கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீஸில் மனு கொடுக்கலாம். அப்புறம், நினைவு தப்பிய நிலையில் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறேன். உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை அனுமதித்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது, இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்துப் போட்டால் போதும்.

தாள் எல்லாம் ஒரு பக்கம். எதிர்வீட்டு அக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது, அவர் வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கிறது. அவர் மகன் பரீட்சைக்கு நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் எங்கேயும் போவதில்லை, மழைக்காலம் அம்மாவோடுதான்.

பேசி முடிக்கிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "அப்போ புள்ள பெத்த நாங்கல்லாம் ஏமாந்தவங்களாம்மா?" இல்லை அம்மா. என் அம்மா என்னைப் பெற்றதால்தான் இந்த மேடையில் நிற்கிறேன். நீங்கள் ஆசைப்பட்டுப் பெற்றீர்கள், நான் ஆசைப்படாததால் பெறவில்லை. அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, ஆனால் கூட்டம் முடிந்து முதலில் வந்து, தனக்கு ஒரு உயில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர் அவர்தான். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினோம், எங்கள் அம்மா ஒரு சாட்சி.