மூன்று கலர், ஒரே எரிச்சல்: மாஸ் எஃபெக்ட் 3 முடித்துவிட்டேன்

வணக்கம் மக்களே. கண் சிவந்திருப்பதைப் பார்த்து அழுதேன் என்று நினைக்க வேண்டாம், தூக்கம் இல்லை, அவ்வளவுதான். நேற்று ராத்திரி மாஸ் எஃபெக்ட் 3 முடித்தேன், விண்வெளியில் நடக்கிற வீடியோ கேம் வரிசையின் மூன்றாம் பாகம். 2012இல் வந்த கேமுக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை தேவையா? சரி, சொல்லியாச்சு.

அதற்கு முன்னால் இரண்டாம் பாகத்தின் கடைசி மிஷன். எந்த வேலைக்கு எந்தக் கூட்டாளியை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து அவர்கள் பிழைப்பார்கள் அல்லது சாவார்கள். என் ஆட்களில் ஒருவர்கூடச் சாகவில்லை! இதைக் கொஞ்சம் பேசியே தீருவேன், பிடிக்காதவர்கள் ஓட்டிவிடுங்கள். குழாய்க்குள் டாலி. பூச்சிக் கூட்டத்தைத் தடுக்க சமாரா. இரண்டாவது அணிக்குக் கேரஸ், அதில் யோசிக்கவே இல்லை. எதிரி கடத்திப்போன நம் கப்பல் ஆட்களை மீட்டதும், அவர்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போக மார்டின். ஏன் மார்டின்? கடைசியில் வாசலைக் காக்கும் கூட்டத்தில் சீக்கிரம் விழுகிற ஆள் அவர், அதனால் முன்னாடியே அனுப்பிவிட வேண்டும். இருங்க, ஒன்றை விட்டுவிட்டேன். கப்பலுக்குக் கனமான கவசம் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் போய்ச் சேருவதற்குள் ஜாக் காலி. பக்க மிஷன் ஒன்று மிச்சமிருந்தாலும் நான் கதையை நகர்த்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாடெல்லாம் இங்கே பலித்தது.

இப்போது மூன்றாம் பாகம். எல்லா உயிர்களையும் அழிக்க வரும் ரீப்பர் என்ற ராட்சத இயந்திரங்களை எதிர்க்க, கேலக்ஸி முழுக்க அலைந்து படை திரட்டுகிறோம். அப்பன் பாட்டன் காலத்துப் பகையைப் பேசித் தீர்த்து கெத் என்ற இயந்திர இனத்துக்கும் அதைப் படைத்த குவேரியன் இனத்துக்கும் சமாதானம் செய்துவைத்தேன். கடைசியில் ஒரு சின்னப் பையன் உருவம் வந்து நின்று மூன்று வழி காட்டுகிறது. ரீப்பர்களை அழித்தால் சிவப்பு, அடக்கினால் நீலம், உயிரையும் இயந்திரத்தையும் கலந்தால் பச்சை. சிவப்பை எடுத்தேன். கெத் மொத்தமும் போச்சு, கூடவே நம்ம கப்பலின் செயற்கை அறிவு ஈடியும். நான் செய்துவைத்த சமாதானம் படைபலக் கணக்கில் ஒரு எண்ணைக் கூட்டியதோடு சரி.

சோகம் எனக்கு ஆகாது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இதே கேமில் குரோகன் இனத்தின் கிரகமான டுசங்காவில் மார்டின் தன் உயிரைக் கொடுத்து, அவர்களின் பிள்ளைப்பேற்றைக் கெடுக்கிற ஜீனோஃபேஜ் நோய்க்கு மருந்தைப் பரப்புகிறாரே, அந்த நோயைத் தக்கவைத்ததில் அவருக்கே பங்கு உண்டு. அந்தச் சாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற இன்னொரு கேமில் நாயகன் ஆர்தருக்குக் காசநோய் எப்படி வந்தது? கடன் வசூலிக்கப் போய் அடித்தானே, அந்த ஆளிடமிருந்து. கடைசியில் கூட்டாளி ஜானோடு கிளம்பினால், ஒழுங்காக நடந்தவனுக்குச் சூரியன் உதிப்பதைப் பார்த்தபடி சாவு, மோசமாக நடந்தவனுக்குத் துரோகி மைக்காவின் குண்டு. ரெண்டுமே சாவுதான், ஆனால் ரெண்டிலும் நான் விளையாடிய விதம் இருக்கிறது.

ஆ, கப்கேக்! 2012இல் மாஸ் எஃபெக்ட் 3 முடிவால் கோபப்பட்ட ரசிகர்கள், கேமைச் செய்த பயோவேருக்கு நூற்றுக்கணக்கில் கப்கேக் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை கிரீம். உள்ளே எல்லாமே ஒரே வெனிலா. இதைவிட அழகாக யாரால் திட்ட முடியும்? அதே வருஷம் ஜூன் மாதம் முடிவை நீட்டித் திருத்திய எக்ஸ்டெண்டட் கட் இலவசமாக வந்தது. விளக்கம் கூடியது. மூன்றும் வேண்டாம் என்று மறுக்கிற வழியும் வந்தது, மறுத்தால் எல்லாரும் அழிகிறார்கள்! நான் ஆடியது மூன்று பாகங்களையும் மெருகேற்றித் தொகுத்த லெஜண்டரி எடிஷன், அதில் அதுவும் சேர்ந்தே வருகிறது. திருத்திய முடிவைப் பார்த்துத்தான் இவ்வளவு பேச்சு.

நீங்கள் எந்தக் கலர் எடுத்தீர்கள் என்று கீழே போடுங்கள். பச்சை எடுத்தவர்கள் காரணத்தோடு வரவும்.