எட்டை எங்கே வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். நான் பேச வந்திருப்பது கற்பனை உலகங்களில் நடக்கிற ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றி. ஒரு கேரக்டரை நாமே உருவாக்கி, அந்தக் கேரக்டராகவே கதைக்குள் இறங்கி விளையாடுகிற வீடியோ கேம்கள் இவை. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, கதை தொடங்குவதற்கு முன்னால் வருகிற ஒரு திரை. நீ யார், உனக்கு எது வரும், எது வராது என்று கேட்கிற திரை. பலர் அதைச் சீக்கிரம் தாண்டிவிடப் பார்ப்பார்கள். நான் அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன்.

இதற்கெல்லாம் வேர் 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய அந்த விளையாட்டுக்குக் காகிதம், பென்சில், பகடை போதும். வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். மூன்று பகடைகளை உருட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். விழுந்ததுதான் உன் கேரக்டர். பிறகு வந்த கேம்கள் அந்த எண்களை நாமே பங்கிட்டுக்கொள்ளும் வசதியைத் தந்தன. எனக்கு அங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது.

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு குணங்களும் 8-இல் தொடங்கும். பங்கிட 27 பாயிண்ட். 13 வரை ஏறுவதற்குப் படிக்கு ஒரு பாயிண்ட். அதற்கு மேல் 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. ஆக, ஒரு குணத்தை 15-க்குக் கொண்டுபோக 9 பாயிண்ட் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று குணங்களை 15 ஆக்கினால் 27-ம் தீர்ந்துவிடும். மீதி மூன்றும் 8-லேயே நிற்கும். கடைசியில் ஒரு குணத்துக்கு 2, இன்னொன்றுக்கு 1 என்று போனஸ் உண்டு. ஆனாலும் எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக ஒருவனை உருவாக்க அந்தத் திரை விடாது.

இப்படிக் கைவிடப்படுகிற குணத்தை விளையாடுகிறவர்கள் டம்ப் ஸ்டாட் என்பார்கள். உன் கிளாஸுக்கு, அதாவது மந்திரவாதி, திருடன், போர்வீரன் என்று நீ எடுத்த வேலைக்கு, தேவைப்படாத குணத்தில் 8-ஐத் தள்ளிவிடு, மறந்துவிடு என்பதுதான் வழக்கமான அறிவுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. 15 எங்கே என்பதை பெரும்பாலும் கிளாஸே தீர்மானித்துவிடுகிறது. மந்திரவாதிக்கு அறிவு, திருடனுக்கு லாவகம். இதில் நாம் யோசிக்க என்ன இருக்கிறது? 8 எங்கே என்பதில்தான் நம் கை இருக்கிறது. கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் பல நேரம் அதுவே சொல்கிறது.

வலிமை 8 உள்ள ஒரு மந்திரவாதியைப் பாருங்கள். போர்வீரன் எட்டித் தாண்டுகிற பள்ளத்தை அவனால் தாண்ட முடியாது. அதிகச் சுமை தூக்க முடியாது. விளிம்பில் நிற்கிற எதிரியைச் சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. அப்போது அவன் என்ன செய்வான்? நெருப்பு வீசுகிற மந்திரத்துக்கு முன்பே, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று மறைந்து போகிற மந்திரத்தைக் கற்றுக்கொள்வான். நாளடைவில் சண்டையில் அவன் பாணியே அதுவாகிவிடும். அந்தப் பாணி பிறந்தது அவனுடைய 8-இலிருந்து.

இன்னொன்று. எதையாவது முயன்றால் கேம் 20 முகப் பகடை ஒன்றை உருட்டும். குணம் 8 என்றால் விழுந்த எண்ணில் ஒன்று குறையும். 15 என்றால் இரண்டு கூடும். வித்தியாசம் மூன்று. 20 முகப் பகடையில் மூன்று முகம் என்பது 15 சதவீதம். அவ்வளவுதான்! வசீகரம் 8 உள்ளவனும் சில நேரம் காவலனைப் பேசியே சமாளித்துவிடுவான். சமாளிக்காமல் போனால் சண்டை வரும், கதவு மூடும், வேறு வழி தேட வேண்டியிருக்கும். பகடை ஏமாற்றியதும் முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி விளையாடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. வேண்டாம் என்பேன். விழுந்தது விழுந்ததாக இருக்கட்டும். அந்தத் தோல்விக்கும் எழுத்தாளர்கள் உட்கார்ந்து காட்சி எழுதியிருக்கிறார்கள்.

எண்ணே கேட்காமல் கேரக்டரை உருவாக்கிய கேமும் உண்டு. 1985-இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய அல்டிமா 4. அதில் குறி சொல்லும் பெண் ஒருத்தி கேள்வி கேட்பாள். எண்ணிப் பார்க்காத பணப்பையை ஒருவர் உன்னை நம்பிக் கொடுத்தனுப்புகிறார். வழியில் ஓர் ஏழை கையேந்துகிறார். ஒரு காசு எடுத்துக் கொடுப்பாயா, பையை அப்படியே சேர்ப்பாயா? நேர்மை ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம். இரண்டுமே நல்லவை, ஒன்றை விட்டாக வேண்டும். இப்படி எட்டு அறங்களில் கடைசியாக எது நிற்கிறதோ அதுதான் உன் கிளாஸ். நேர்மை நின்றால் மந்திரவாதி, வீரம் நின்றால் போர்வீரன். பணிவு நின்றால் ஆடு மேய்ப்பவன். சண்டைக்கு அவ்வளவாக உதவாத கிளாஸ் அது. பணிவைத் தேர்ந்தெடுத்தவருக்கு விளையாட்டு சலுகை எதுவும் தருவதில்லை. கேரக்டர் உருவாக்கத்தில் இதைவிடத் துணிச்சலான ஒன்றை நான் பார்த்ததில்லை.

சரி, தேர்வை மாற்றிக்கொள்ள விடலாமா? 2000-இல் வந்த டயாப்லோ 2-இல் ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் குணங்களுக்கு ஐந்து ஸ்டாட் பாயிண்ட், திறமைகளுக்கு ஒரு ஸ்கில் பாயிண்ட். போட்டது போட்டதுதான். 2010-இல் 1.13 பேட்ச் என்ற திருத்தம் வரும் வரை திரும்ப எடுக்க வழியே இல்லை. பெரிய ஸ்கில்கள் திறக்கிற 30-ஆம் லெவல் வரை பாயிண்ட்டைச் செலவழிக்காமல் பலர் பதுக்கி வைத்தார்கள். பயந்து பயந்து விளையாடுவது நல்லதல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பால்டர்ஸ் கேட் 3-இல் 100 பொற்காசு கொடுத்தால் கிளாஸையே மாற்றிக்கொள்ளலாம். நேற்று வரை கடவுளை வேண்டியவன் இன்று காலையில் திருடன்! அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. எண்களைச் சரிசெய்ய அந்தக் காசைச் செலவழிக்கலாம். கிளாஸை விட்டுவிடுங்கள்.

2011-இல் வந்த ஸ்கைரிம் இந்தத் திரையையே கிட்டத்தட்ட எடுத்துவிட்டது. எதைச் செய்கிறாயோ அதில் வளர்வாய். நியாயமான யோசனைதான். ஆனால் மறைந்திருந்து அம்பு விட்டால் சேதம் பல மடங்கு ஆகும் என்பதால், மந்திரவாதியாகத் தொடங்கியவரும் கோடரியோடு கிளம்பியவரும் கடைசியில் பதுங்கி நிற்கும் வில்லாளியாகவே முடிந்த கதை ரொம்பப் பிரபலம். எந்தக் கதவும் மூடாதபோது எல்லோரும் எளிய கதவு வழியாகவே போகிறார்கள்.

அடுத்து நான் தொடங்கப்போகிற கேரக்டருக்கு விவேகத்தில் 8 வைக்கப்போகிறேன். கண்ணிகளைப் பார்க்காமல் மிதிப்பாள், எதிரே நிற்பவர் பொய் சொல்வது தெரியாமல் நம்புவாள், மனத்தைக் கட்டும் மந்திரங்களில் சுலபமாகச் சிக்குவாள். வசீகரத்தில் 15. தான் நம்பியதையெல்லாம் மற்றவர்களையும் நம்பவைத்துவிடுவாள். எங்கே போய் நிற்கப்போகிறாளோ, பார்க்க ஆவலாக இருக்கிறது. நன்றி, வணக்கம்.