சோம்பேறி என்று பெயர் வைத்தது யார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடிந்த கையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"ஒரு நாட்டு மக்களின் உழைப்பை முடிவு செய்வது பண்பாடா, வேலை நிபந்தனைகளா?" என்பது இன்றைய தலைப்பு. நிபந்தனைகளே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், ஜப்பானியருக்கு உழைப்பு ரத்தத்தில் ஊறியது என்றார். ஜெர்மானியர் உழைப்பாளி, கிரேக்கர் சுகவாசி என்றார். மலாய்க்காரர்கள் உழைக்க மறுத்ததால்தான் வெள்ளைக்காரன் பணிவான நம் ஆட்களைக் கப்பல் ஏற்றினான் என்றார். கடைசியாகச் சொன்னதற்குத்தான் கைத்தட்டல் அதிகம். அது எனக்கு வருத்தமாக இருந்தது, ஐயா. அதற்கு வருகிறேன்.

முதலில் ஜப்பான். 1857-இல் நாகசாகிக்குக் கப்பற்படைப் பயிற்சி கொடுக்கப் போன டச்சு அதிகாரி ஒருவர், இங்கே எதுவும் குறித்த நேரத்துக்கு நடப்பதில்லை என்று புலம்பி எழுதிவைத்திருக்கிறார். அவர் பார்த்ததில் பொய் இல்லை. அன்றைய ஜப்பானில் பகலை ஆறு பங்காகவும் இரவை ஆறு பங்காகவும் பிரித்துத்தான் நேரம் சொன்னார்கள். கோடையில் பகலின் பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். பொழுதை வைத்துப் பயிர் செய்கிறவருக்கு அந்தக் கணக்கே போதும். 1872-இல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1873 முதல் மேல்நாட்டு நாட்காட்டியும் இருபத்து நான்கு மணி நேரக் கணக்கும் வந்தன. நிமிடம் பார்க்க வேண்டிய தேவை வந்த பிறகுதான் நிமிடம் பார்க்கும் பழக்கமும் வந்தது.

சரி, கம்பெனி மீது ஜப்பானியர் வைத்திருக்கும் விசுவாசம்? மெய்ஜி காலத்துப் (1868–1912) பஞ்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக ஓடிப்போனார்கள். விடுதிக்குள் பூட்டி வைத்துக்கூட நிறுத்த முடியவில்லை. தேர்ந்த தொழிலாளிகள் கூலி கூடக் கிடைக்கும் ஆலைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களை இருத்திவைக்கத்தான் பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடும் சம்பளம், போனஸ், ஓய்வுக்காலப் பணம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தன. ஓடிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கம்பெனியில் தலை நரைக்கும்வரை இருந்தார்கள். அந்த இரண்டு தலைமுறைக்குள் ரத்தமா மாறியது?

அந்த உழைப்பு எல்லை மீறியபோது என்ன ஆனது என்பதையும் எதிரணி சொல்லவில்லை. வேலை செய்தே சாவதற்கு ஜப்பானிய மொழியில் 'கரோஷி' என்று தனிச் சொல்லே இருக்கிறது. மாதத்துக்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று கூடுதல் நேர வேலைக்கு வரம்பு கட்ட 2018-இல் சட்டம் போட்டார்கள். விதிவிலக்கு என்ற பெயரில் சில மாதங்களில் 100 மணியை நெருங்கவும் அதில் இடம் இருப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், கொல்லும் உழைப்பைப் பண்பாடு தானாக நிறுத்திவிடும் என்று ஜப்பானே நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

அடுத்து கிரேக்கம். 2010 கடன் நெருக்கடியின்போது, 'சோம்பேறிக் கிரேக்கர்கள்' என்ற பேச்சு ஜெர்மனியில் பெரிதாக எழுந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்கை எடுத்துப் பாருங்கள். கிரேக்கத்தில் வேலையில் இருக்கும் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 1,850 மணிக்கும் மேல் உழைக்கிறார். ஜெர்மனியில் அது சுமார் 1,340 மணி. ஜெர்மனியில் பகுதி நேர வேலை அதிகம் என்பதால் சராசரி இறங்குகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குறைந்த நேரத்தில் அதிகம் விளைவதற்குக் காரணம் அங்கே இருக்கும் இயந்திரம், முதலீடு, தொழிற்பயிற்சி. இன்னொன்றும் சொல்கிறேன். 1960-இல் மேற்கு ஜெர்மனி கிரேக்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, தன் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்தது. சுகவாசி என்று நீங்கள் சொல்கிற அதே கிரேக்கர்கள்தான் அந்த ஆலைகளில் நின்று ஜெர்மனியை உயர்த்தினார்கள்.

இப்போது மலாயா, அதாவது இன்றைய மேற்கு மலேசியா.

நான் நாகப்பட்டினத்துக்காரன். எங்கள் ஊர்த் துறையிலிருந்துதான் பினாங்குக்கு ஆட்கள் கப்பலேறினார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்தான். அந்தக் கடனோடுதான் அவர்கள் தோட்டத்தில் போய் இறங்கினார்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும், பிறகு பால்வெட்டு. இருட்டோடு ஏன் என்றால், குளிர்ச்சி இருக்கும்போதுதான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும். இரவில் முடங்குவதற்கு லயம் என்ற வரிசை வீட்டில் ஓர் இடம்.

அதே காலத்தில் மலாய்க்காரருக்குச் சொந்தமாக வயல் இருந்தது, ஆறு இருந்தது, மீன் இருந்தது. அவர் எதற்காக அடுத்தவன் தோட்டத்தில், அடுத்தவன் வைத்த கூலிக்கு, லயத்தில் போய்ப் படுக்க வேண்டும்? நாம் போவோமா? அவர் வரவில்லை என்றதும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் அவருக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ரப்பர் விலை ஏறியபோது அந்தச் 'சோம்பேறி' என்ன செய்தார் தெரியுமா? தன் நிலத்தில் தானே ரப்பர் நட்டார். நெல் வயலெல்லாம் ரப்பர் ஆகிவிடுமோ என்று பயந்து, 1917-இல் நெல் நிலங்களுக்கென்று அரசு தனிச் சட்டம் போடும் அளவுக்கு நட்டார்கள். உழைக்கத் தெரியாதவர்களைத் தடுக்கச் சட்டம் எதற்கு, ஐயா?

நமக்குத் துரைமார் வைத்த பெயர் 'பணிவானவன்'. அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் இங்கே கைத்தட்டினீர்கள். அந்தப் பணிவுக்கு என்ன விலை கிடைத்தது? 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் தமிழருக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்த சில ஆண்டுகளில் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டினார்கள். சீனத் தொழிலாளிக்கு நம்மவரைவிடக் கூடுதல் கூலி. அவர்கள் குழுவாகப் பேரம் பேசினார்கள், கட்டுப்படியாகாவிட்டால் வேறு வேலைக்குப் போனார்கள். கடனோடு போன நம்மவரால் அப்படி எழுந்து போக முடியவில்லை. எழுந்து போக முடியாதவனின் நிலைமைக்குத்தான் துரை பணிவு என்று பெயர் வைத்தான்.

எதிரணியில் ஒரு சகோதரி வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். மடியின்மை, அதாவது சோம்பாதிருத்தல், என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, உழைப்பு நம் பண்பாடு இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி. அம்மா, ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை மூன்றும் எந்த இயலில் வருகின்றன? பொருட்பாலில், அரசனுக்கு உரிய 'அரசியல்' என்ற இயலில். சோம்பாதே என்ற அறிவுரை முதலில் நாடாளுகிறவனுக்கு. வரப்பில் நிற்கிறவனைப் பார்த்து மட்டும் அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஒரே தெருவில் ஒருவர் சுறுசுறுப்பாகவும் இன்னொருவர் மந்தமாகவும் இருப்பதில்லையா என்று கேட்பீர்கள். இருக்கத்தான் செய்கிறார்கள். அது ஆளுக்கு ஆள் வேறுபடும் குணம். அதை ஓர் இனத்தின் நெற்றியில் எழுதக் கூடாது என்பதுதான் எங்கள் வாதம். எழுதினால் என்ன நடக்கும்? 'இவன் இப்படித்தான்' என்ற பெயரைச் சொல்லியே அவனுக்குக் கூலியைக் குறைப்பார்கள். மலாயாவில் அதுதான் நடந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்தப் பணிவான தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு படையை இறக்கியது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. கோரிக்கைப் பட்டியலில் சீனருக்குச் சமமான கூலி இருந்தது, தோட்டத்தில் கள்ளுக்கடை வேண்டாம் என்பது இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. துரை எதிரே வந்தால் தோட்டத் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்றார்கள்.

நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்லும் முன் அந்தச் சைக்கிளை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.