காபூல்ல ஒரு டாக்டர் வாட்டர் கலரை வச்சு ஓவியங்களைக் காப்பாத்தின கதை

எல்லாருக்கும் வணக்கம். முகமது யூசுஃப் ஆசிஃபின்னு காபூல்ல ஒரு டாக்டர், ஓவியமும் வரைவாரு. இந்த வீடியோ அவரு செஞ்ச ஒரு காரியத்தைப் பத்தி.

1996 செப்டம்பர்ல தாலிபான் காபூலைப் பிடிச்சாங்க. டிவி கூடாது, சினிமா கூடாது, பாட்டு கூடாது, உயிருள்ள எதையும் படமா வரையவே கூடாது, மனுஷன் மட்டும் இல்ல, குதிரை குருவி கூட. அங்க நேஷனல் கேலரில இருந்த ஆயில் பெயின்டிங்குகள்ல அந்த மாதிரி நிறைய இருந்துச்சு, கண்ணுல பட்டா கிழிச்சுடுவாங்க.

ஆசிஃபி என்ன பண்ணாருன்னா, பழைய படத்தை எல்லாம் சரி பண்றேன்னு சொல்லி உள்ள போயி, எங்கெல்லாம் ஆளோ மிருகமோ இருக்கோ அதுக்கு மேல வாட்டர் கலரைப் பூசி மறைச்சுட்டாரு. அப்படி 80 படம் பக்கம்.

ஏன் வாட்டர் கலர்னு கேட்டீங்கன்னா, இங்கதான் விஷயமே இருக்கு. ஆயில் பெயின்ட்ல கலர்ப்பொடியை ஆளிவிதை எண்ணெய்ல குழைக்கிறாங்க. அந்த எண்ணெய் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து மெல்ல மெல்ல இறுகி ஒரு தோல் மாதிரி ஆயிடும், அப்புறம் தண்ணி அதை ஒண்ணும் செய்யாது. வாட்டர் கலர்ல கலரைப் பிடிச்சு வைக்கிறது வேலமரத்துப் பிசின், அது காஞ்சாலும் தண்ணி பட்டா திரும்பக் கரைஞ்சிடும். ஆக மேல பூசினது கீழ இருக்கறதோட கலக்காது, எப்ப வேணா துடைச்சு எடுத்துடலாம்.

சொல்றது ஈஸி. எண்ணெய்ப் பரப்புல தண்ணிக் கலர் சும்மா ஒட்டாது, முத்து முத்தா திரண்டு நிக்கும். அதுல பூசி, சுத்தி இருக்கற ஆயில் கலரோட ஷேடு ஒத்துப்போற மாதிரி கொண்டுவந்து, இன்னொருத்தர் வரைஞ்ச படத்துல அவரு கைவாகு கெடாம ஒரு ஆளை மரமாவோ புதராவோ மாத்தணும், அதுவும் மாட்டினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டே. அந்தக் கை நடுங்காம இருந்ததை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

அதே ஊர்ல ஆஃப்கன் ஃபிலிம்னு ஒரு அரசு சினிமா நிறுவனம் இருந்துச்சு. அங்க வேலை பார்த்தவங்க நெகட்டிவ், அதாவது படம் பிடிச்ச மூல ஃபிலிம் இருந்த ரூமை ஒரு பொய்ச் சுவரு வச்சு மறைச்சுட்டாங்க. தாலிபான் வந்து எரிச்சது பெரும்பாலும் பிரின்ட்டுங்க, அதாவது தியேட்டர்ல ஓட்டற காப்பி. பிரின்ட்டு போனா நெகட்டிவ்ல இருந்து இன்னொண்ணு போட்டுக்கலாம், நெகட்டிவ் போனா படமே போச்சு, அதனாலதான் அந்த நெகட்டிவ்களை உயிரைப் பணயம் வச்சுக் காப்பாத்தினாங்க.

2001 நவம்பர்ல தாலிபான் காபூலை விட்டுப் போனாங்க. ஆசிஃபி ஒரு ஸ்பாஞ்சைத் தண்ணில நனைச்சுக்கிட்டு அதே படங்களுக்கு முன்னாடி போயி நின்னு துடைக்க ஆரம்பிச்சாரு, பச்சையும் பழுப்புமா வழிஞ்ச தண்ணிக்குப் பின்னாடி இருந்து ஒவ்வொரு ஆளா வெளிய வந்தாங்க.