பேரன் எழுதிய முன்னுரை

நேயர்களுக்கு வணக்கம்.

சீராக்கின் ஞானம் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. நான் வளர்ந்த வீட்டில் இருந்த வேதாகமத்தில் அது கிடையாது. சீர்திருத்தச் சபைகள் அதைத் திருமறையில் சேர்ப்பதில்லை. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு வந்து, சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் வாரம் ஒரு நாள் நடக்கும் விவிலிய வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் அந்தப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தேன். உள்ளே போவதற்கு முன்பே முன்னுரையில் நின்றுவிட்டேன்.

அதை எழுதியவர் நூலாசிரியரின் பேரன். தாத்தா எருசலேமில் எபிரேய மொழியில் எழுதியதை, பேரன் எகிப்துக்குப் போன இடத்தில் கிரேக்கத்தில் பெயர்க்கிறார். எகிப்தை ஆண்ட எவர்கெத்தேஸ் மன்னனின் 38-ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார். கணக்குப் போட்டால் கி.மு. 132. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்த்தாராம். யாருக்காக? அயல்நாட்டில் குடியிருந்துகொண்டு, கற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக. அப்படியே எழுதியிருக்கிறார். என் பெயர் போட்ட கடிதம் இரண்டாயிரம் வருஷம் தாமதமாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

இந்த ஞான நூல்களே கொஞ்சம் ஊர் சுற்றியவைதான். யோபு, நீதிமொழிகள், பிரசங்கி மூன்றிலும் தேடிப் பாருங்கள், மோசேயின் பெயர் வராது, செங்கடல் பிளந்த கதையும் வராது. யோபு இஸ்ரவேலுக்கு வெளியே இருந்த ஊத்ஸ் தேசத்துக்காரர். நீதிமொழிகளின் 22, 23-ஆம் அதிகாரங்களில் வரும் சில அறிவுரைகள் ஆமெனெமோப்பே என்ற எகிப்தியரின் போதனையோடு நெருக்கமாக ஒத்துப்போகின்றன. அந்தப் பாப்பிரஸ் சுருள் 1923-இல் அச்சில் வந்தது. அடுத்த வருஷமே அடால்ஃப் எர்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். ஏழையைக் கொள்ளையிடாதே, எல்லைக் கல்லை நகர்த்தாதே என்பதற்கெல்லாம் விசா தேவைப்படவில்லை.

சரி, பேரனுக்கு வருவோம். முன்னுரையில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். எபிரேயத்தில் சொன்னதை வேறு மொழிக்குக் கொண்டுபோனால் அதே வலு இருப்பதில்லை; எங்காவது குறை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இது எனக்குப் புரிந்தது பிரசங்கியைப் படித்த அன்றைக்கு.

வகுப்பில் ஆளுக்கொரு தாய்மொழி. பிரசங்கியின் தொடக்கத்திலேயே வரும் 'ஹேபெல்' என்ற எபிரேயச் சொல்லுக்கு உங்கள் மொழியில் என்ன போட்டிருக்கிறது என்று ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் சற்றுப் பெருமையாகவே, "மாயை" என்றேன். மாயை, மாயை, எல்லாம் மாயை. சின்ன வயதில் மனப்பாடம் செய்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இருப்பதுபோலத் தெரியும், ஆனால் உண்மையில் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஹேபெல் என்றால் மூச்சு, நீராவி. அது இல்லாத பொருள் இல்லை. இருக்கிறது, ஆனால் நிற்காது. ஆதியாகமத்தில் காயீன் கொன்ற ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான் என்றார்.

அன்று இரவு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நல்ல குளிர். மூச்சு விட்டால் வாய்க்கு முன்னால் வெள்ளையாக ஒரு சின்ன மேகம் வரும்; விளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் தெரியும்; கலையும். திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளிப் போனார். 1995-இல் வந்த திருவிவிலியம் ஹேபெலுக்கு 'வீண்' என்று போட்டிருக்கிறது. மாயையை விட அது பரவாயில்லை என்று தோன்றினாலும், அதுவும் மூச்சு இல்லை. வீண் என்றால் ஒரு சலிப்பு வந்துவிடுகிறது. என் வாயிலிருந்து போன அந்த மேகத்தில் சலிப்பு எதுவும் இல்லை.

யோபு வேறு மாதிரி வந்து சேர்ந்தார். ஊரில் என் தாய்மாமா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. அடக்கத்தை போன் திரையில்தான் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை படம் நின்றுபோனது. அப்புறம் வரிசையாக அழைப்புகள். எல்லாம் கர்த்தருடைய சித்தம், நல்ல சாவு, நீ வந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த வாரம் வகுப்பில் யோபு 13-ஆம் அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருக்கும் தனக்கு விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைக்காத நண்பர்களைப் பார்த்து, நீங்கள் பேசாமல் இருந்தாலே அது ஞானமாக இருக்கும் என்கிறார் யோபு. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நானும் எத்தனையோ பேருக்கு போன் போட்டு அதே வசனங்களைச் சொன்னவன்தானே.

மேல்மாடியில் குடியிருந்த ஒரு பெரியவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தைகள் ஐம்பது இருந்தால் அதிகம். அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். தூரத்திலுள்ள சகோதரனிலும் சமீபத்திலுள்ள அயலானே வாசி என்று நீதிமொழிகளில் வருகிறது. 'மேல்' என்று பொருள்படும் 'வாசி' என்ற அந்தப் பழைய சொல்லை அதுவரை வாய்ப்பாடாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் வகுப்பில் படித்ததைச் சொல்வது வழக்கம். மாயை என்பது சரியான சொல் இல்லை, மூச்சு என்றுதான் இருக்க வேண்டும் என்று பஸ்ஸுக்காக நின்ற கதையையும் சேர்த்து விளக்கமாகச் சொன்னேன். குரல்வழியாக அத்தனையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி, அந்தக் குளிரில் தலைக்கு ஒன்றும் போடாமலா நின்றாய்?" என்றார்.

நன்றி, வணக்கம்.