பிரெஞ்சு வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

(திரையில்: 'பர்லே' வினையின் ஆறு வடிவங்கள்)

வணக்கம். 'பர்லே' என்றால் பேசுவது. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்று எழுதும்போது அதன் கடைசியில் ஈ, என், டி என மூன்று எழுத்துகள் வரும். பார்த்ததும் 'பர்லென்ட்' என்று படிக்கத் தோன்றும். ஆனால் ஒலி வெறும் 'பர்ல்', ஒரே அசை. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் இதே 'பர்ல்'தான். நாங்கள், நீங்கள் வரும்போதுதான் இரண்டு அசை: பர்-லோன், பர்-லே.

நாம் காரைக் 'காரு' என்போம். அதே பழக்கத்தில் 'பர்லு' என்றால் இல்லாத அசை ஒன்று கூடிவிடும். 'ல்' என்றதும் நாக்கை நிறுத்திவிடுங்கள்.

அசை பிரிப்பது நமக்குப் புதிதல்ல. பால், ஆடை சேர்ந்தால் பாலாடை. அப்படித்தான் 'இல்' (அவன்), 'எம்' (நேசிக்கிறான்) சேர்ந்து இ-லெம். சொல்லின் எல்லையை மெய் மதிப்பதில்லை. அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, அழுத்தம்? ஒலிக்கும் கடைசி அசையில். ஓங்கிச் சொல்ல வேண்டாம், கொஞ்சம் நீட்டினால் போதும். 'ஜ பர்ல்' (நான் பேசுகிறேன்) என்று நிறுத்தினால் 'பர்ல்' நீளும். 'ஜ பர்ல் ஃப்ரான்ஸே' (நான் பிரெஞ்சு பேசுகிறேன்) என்றால் நீட்டம் 'ஸே'க்குப் போய்விடும். ஒரே மூச்சில் சொல்லும் சொற்களுக்கு அழுத்தம் கடைசியில்தான்.

(திரையில்: 'ஜ மப்பெல்', 'நூஸ் அப்லோன்')

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'என் பெயர்...' என்று சொல்லும் 'ஜ மப்பெல்' எல்லாரும் முதலில் கற்கும் வாக்கியம். இதில் இரண்டு எல். 'நாங்கள் அழைக்கிறோம்' என்றால் ஒரே எல். ஏன்? 'மப்பெல்' எழுத்தில் கடைசி ஈ ஒலிக்காது. அதனால் அழுத்தம் முந்தைய ஈ மேல் விழுகிறது. அழுத்தம் விழுந்த ஈ ஊமையாக இருக்க முடியாது, முழு 'எ'யாகத் திறக்கும். அதைக் காட்டத்தான் இரட்டை எல். 'அப்லோன்' வடிவில் அழுத்தம் 'லோன்' மேல் போகிறது. நடு ஈ தேய்ந்து, பேச்சில் காணாமலே போகிறது. வாங்குவதைக் குறிக்கும் 'அஷ்தே' வினையிலும் இதே கதைதான். அங்கே மெய்யெழுத்தை இரட்டிப்பதற்குப் பதில் ஈ மேல் ஒரு சாய்கோடு.

பிரெஞ்சுக்கு மூலமான லத்தீன் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. 'பிடிக்கிறான்' என்ற 'தெனெத்'தில் அழுத்தம் முதல் அசையில். அந்த 'தெ' உடைந்து பிரெஞ்சில் 'தியான்' ஆனது. 'பிடிக்கிறோம்' என்ற 'தெனேமுஸ்'ஸில் அழுத்தம் 'னே' மேல். அதனால் முதல் அசை உடையாமல் இன்றும் 'தனோன்'.