அம்மாயி அடுப்பில் ஒரு பிட்டர்ஸ் போத்தல்

வணக்கம். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறேன். இந்த மழை இப்போதைக்கு விடாது. இன்றைக்கு மது இல்லாமல் ஒரு பிட்டர்ஸ் செய்து காட்டப்போகிறேன். பிட்டர்ஸ் என்றால் பானத்தில் சொட்டுச் சொட்டாக விடுகிற கசப்புச் சாரம்.

முதலில் இதைப் பாருங்கள். கமெராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன். பார்க்க விறகுச் சீவல் மாதிரி இருக்கிறது, இல்லையா? குறுக்கே வெட்டிய பக்கத்தைத் திருப்புகிறேன். நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்துக் கம்பிகள் மாதிரிக் கோடுகள் ஓடுகின்றன. நிறம் நல்ல மஞ்சள். நகத்தால் சுரண்டினால் நகமும் மஞ்சளாகிவிடும். இதுதான் வெனிவெல். தமிழில் மரமஞ்சள் என்பார்கள். நாக்கில் வைத்த உடனே ஒன்றும் தெரியாது. மெதுவாக அடிநாக்கில் இறங்கும், அப்புறம் அரை மணி நேரம் போகாது.

சின்ன வயதில் தடிமன் பிடித்தால் அம்மாயி இதைத்தான் எடுப்பார். கொத்தமல்லியை வாசம் வரும் வரை வறுப்பார், இஞ்சி தட்டிப் போடுவார், வெனிவெல் இரண்டு துண்டு. மூன்று கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும். குடித்து முடித்தால் கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அந்தக் கருப்பட்டியின் இனிப்பை அந்தக் கசப்புத்தான் தூக்கிக் காட்டியது. எனக்கு இது புரிந்தது பல வருடம் கழித்து, நுவரெலியாப் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

அங்கே முதல் நாள் ஒரு மூத்த அண்ணன் என் புறங்கையில் அங்கொஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு விட்டு, நக்கிப் பார் என்றார். முதலில் கராம்பு, கறுவா மாதிரி ஒரு வாசம். பின்னாலேயே கசப்பு. "இது எங்கள் வீட்டுக் கசாயம்" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

மறுக்கவும் முடியாது, ஏனென்றால் அது பிறந்ததே மருந்தாகத்தான். சீகர்ட் என்ற ஜெர்மன் வைத்தியர், தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் படையில் இருந்தவர், வெனிசுவேலாவில் அங்கொஸ்டுரா என்ற ஊரில் 1824இல் அதைச் செய்தார். படைவீரர்களின் வயிற்றுக் கோளாறுக்காகச் செய்தது. ஊர்ப் பெயர்தான் போத்தலுக்கு வந்தது, அங்கொஸ்டுரா என்று ஒரு மரப்பட்டை இருந்தாலும் அது இதில் இல்லை. கசப்புக்கு முக்கியமாக ஜென்ஷியன் வேர். பிட்டர்ஸ் என்ற பொருள் அதற்கு முன்பே இருந்தது. 1806இல் அமெரிக்காவில் ஹட்சன் என்ற ஊரின் பத்திரிகை ஒன்று கொக்டெயில் என்றால் என்ன என்று விளக்கியபோது, மது, சீனி, தண்ணீர், பிட்டர்ஸ் என்று நான்கைத்தான் சொன்னது. கசப்பு இல்லாமல் கொக்டெயிலே இல்லை என்பதுதான் அன்றைய கணக்கு.

சரி, நம் மலைக்கு வருவோம். நுவரெலியாவிலிருந்து பதுளை ரோட்டில் சீத்தா எலிய கோயிலைத் தாண்டினால் ஹக்கல பூங்கா. பூப் பார்க்கப் போகிறோம், படம் எடுக்கிறோம். அந்தத் தோட்டம் 1861இல் தொடங்கியது பூவுக்காக அல்ல, சிங்கோனாவுக்காக. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் பட்டையில்தான் குயினைன் இருக்கிறது, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து. ஜின்னோடு கலக்கிற டொனிக் தண்ணீரின் கசப்பும் அதுவே. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் அழிந்தபோது, பல துரைமார் சிங்கோனாவைத்தான் நம்பினார்கள். 1880களில் இலங்கைப் பட்டை அவ்வளவு வெளிநாட்டுக்குப் போனது, சந்தை நிரம்பி விலை விழுந்தது. அப்புறம் ஜாவா முந்திக்கொண்டது, இங்கே தேயிலை நிலைத்தது.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தப் பட்டையை உரித்த கைகளில் நம் ஆட்களின் கைகளும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்காக, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து வந்தவர்கள். அந்த வழியிலேயே காய்ச்சலிலும் கொலராவிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். இன்றைக்கு எந்த ஊர்ப் பாரில் ஜின் அண்ட் டொனிக் கேட்டாலும் எனக்கு அந்த நடைதான் ஞாபகம் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. எனக்கே நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நண்பர் தோட்ட ஓரத்து மரத்திலிருந்து சிங்கோனாப் பட்டை கொண்டுவந்து தந்தார். அம்மாயியின் கசாயம் மாதிரியே கொதிக்கவைத்து, தேசிக்காய் பிழிந்து இரண்டு கிளாஸ் குடித்தேன். இரவெல்லாம் காதுக்குள் ஙொய் என்று சத்தம், தலை சுற்றல், வாந்தி வருகிற மாதிரி. குயினைன் கூடினால் அப்படித்தான் செய்யும், இதயத் துடிப்பையும் கெடுக்கலாம். அமெரிக்காவில் டொனிக் தண்ணீரில் லீட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் குயினைன் இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வீட்டில் கொதிக்கவைத்த பட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று யாரால் அளக்க முடியும்? தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெனிவெல்லுக்கும் அளவு உண்டு. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் எடுக்க வேண்டாம், பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம். சீனி வியாதிக்கு மாத்திரை போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். அதோடு இது காட்டிலிருந்து வெட்டி வெட்டியே அருகிப்போகிற கொடி, வளரவும் பல வருடம் பிடிக்கும். அதனால் நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சமாக வாங்குங்கள். இல்லையென்றால் தோடம்பழத் தோலின் உள்வெள்ளையை வைத்தே நல்ல கசப்பு எடுக்கலாம்.

இப்போது போத்தலைக் காட்டுகிறேன். காய வைத்த தோடம்பழத் தோல், இரண்டு பழத்தினுடையது. வறுத்த கொத்தமல்லி ஒரு மேசைக்கரண்டி, கறுவா ஒரு விரல் நீளம், கராம்பு மூன்று, வெனிவெல் சீவல் ஒரு தேக்கரண்டி. இதற்குமேல் 150 மில்லிலீட்டர் கிளிசரின், கேக் சாமான் கடையில் கிடைக்கும், சாப்பாட்டுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 50 மில்லிலீட்டர். மூடி இரண்டு வாரம், தினமும் ஒரு தடவை குலுக்கணும். துணியில் வடித்தபோது இந்த நிறம் வந்தது, பாருங்கள், பழைய பித்தளை மாதிரி. கிளிசரினுக்கு மதுவின் அளவுக்குச் சாரம் இழுக்கிற சக்தி இல்லை, அதனால் சொட்டுக் கணக்குப் போதாது, அரைத் தேக்கரண்டி வேண்டும்.

ஏன் சாராயத்தில் ஊறப்போடவில்லை? தோட்டச் சம்பளம் கசிப்புக்கு, அதாவது கள்ளச் சாராயத்துக்கு, போய் முடிகிற வீடுகளை நான் பார்த்து வளர்ந்தவன். என் அம்மாவுக்கு இந்தக் குசினியில் அந்த வாசமே ஆகாது, அதை நான் மதிக்கிறேன். இன்னொன்று, பாரில் வேலை செய்கிற தம்பி தங்கைகள் கேளுங்கள். அங்கொஸ்டுராவில் மது 44.7 சதவீதம். சோடாவில் நாலு சொட்டு என்றால் யாருக்கும் ஏறாது, உண்மைதான். ஆனால் குடியை விட்டவர், மதத்துக்காகத் தொடாதவர், அவருக்கு "மது இல்லாதது" என்று சொல்லி அதை ஊற்றுவது பொய். கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

இது உடம்பைச் சுத்தம் செய்யும், நோயை விரட்டும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். கசப்பு நாக்கில் பட்டால் வாய் ஊறும், சாப்பாட்டுக்கு முன் அது நல்லது. எனக்கு அது போதும்.

கிளாஸில் கித்துள் பாணி இரண்டு தேக்கரண்டி, அரைத் தேசிக்காய், இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, நம் பிட்டர்ஸ் அரைத் தேக்கரண்டி. கலக்கிவிட்டுச் சோடா. ஐஸ் வேண்டாம், ஹட்டன் குளிர் போதும். தோடம்பழத் தோலை மேலே பிழிந்துவிடுகிறேன், அந்த எண்ணெய் தெறிப்பது தெரிகிறதா?

அம்மா, இங்க வாங்க, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.

தலையை ஆட்டுகிறார். இஞ்சி காணாதாம், அம்மாயி இன்னும் காரமாகப் போடுவாராம். சரி, இன்னொரு துண்டு தட்டுகிறேன்.